அவன் இல்லாத காட்சி

கதாசிரியருக்குத் தொழிலில் ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘ஒத்தையாள்’ என்பார்கள். அவர் தனியாக வாழ்கிறவர் என்பதால் வந்த பெயர் இல்லை அது. அவர் எங்கே, யாரோடு வாழ்கிறார் என்று தொழிலில் யாரும் விசாரித்ததில்லை. அவர் எழுதிய படங்களில் எல்லாம் ஒரே ஒரு ஆள்தான் இருப்பான், அதனால் வந்த பெயர். நடுக்கடலில் மாட்டிக்கொண்ட ஒருவன், சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட ஒருவன், ஆளில்லாத ஆஸ்பத்திரியில் கண்விழிக்கும் ஒருவன். மற்றவர்கள் வருவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், துரோகம் செய்வார்கள், செத்துப்போவார்கள். கேமரா மட்டும் கடைசிவரை அவனை விட்டு நகராது. அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர் வாங்கியிருந்தார்.

அப்படிப்பட்டவரிடம் வந்து, மூன்று முக்கியப் பாத்திரங்கள் உள்ள படம் வேண்டும் என்று கேட்டாள் ஒரு டைரக்டர். வயதில் சின்னவள், பேச்சில் பெரியவள்.

“மூணு பேருக்கும் சமபங்கு இருக்கணும் சார். மூணு பெரிய நடிகருங்க சரின்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தருக்கு ஒரு இன்ச் குறைஞ்சாலும் என் தலைதான் உருளும்.”

கதாசிரியர் யோசிக்கவே இல்லை. கையில் கதை இருந்தது. அவருடைய வீட்டுக் கதை. பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோகிறது. பேச்சும் போய்விடுகிறது. ‘போலாம்’ என்ற ஒரே ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் வாயில் வருவதில்லை. அக்கா, நடுவில் ஒருவன், தம்பி என்று மூன்று பிள்ளைகள். அப்பாவின் கடைசி வருஷம். படுத்த படுக்கையாக இருந்துகொண்டு ‘போலாம், போலாம்’ என்று கெஞ்சும் ஒரு டிரைவர். எங்கே போக வேண்டும் அவருக்கு? இதைச் சொன்னதும் டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒப்பந்தமும் ஆனது.

நிஜத்தில் அந்த வருஷம் அப்பா இருந்தது அக்காவின் வீட்டில். ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால்தான் வரும் ஊர் அது. தம்பியும் அதே ஊர்தான். கதாசிரியர் மட்டும் சினிமா இருக்கும் ஊரில் இருந்தார். வாரம் தவறாமல் ஃபோன் செய்வார். அக்கா ஃபோனை அப்பாவின் காதில் வைப்பாள். அந்தப் பக்கமிருந்து ‘போலாம்’ என்று ஒரு குரல் வரும்.

முதல் வடிவத்தைப் படித்து முடித்த டைரக்டர் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் காட்சிவாரியாக அட்டைகள் குத்தியிருந்தன. அக்கா வரும் காட்சிக்கு மஞ்சள், நடுவுள்ளவனுக்கு நீலம், தம்பிக்குப் பச்சை. இரண்டு பேர் வந்தால் இரண்டு அட்டை, மூன்று பேர் வந்தால் மூன்று.

“நீல அட்டை இல்லாத காட்சி எது சார்?” என்று கேட்டாள்.

கதாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு இடமிருந்து வலமாகப் பார்த்தார். அப்படி ஒரு காட்சி இல்லை.

“இவன் ரூமுக்குள்ள வந்தாத்தான் அக்காவும் தம்பியும் உயிரோட இருக்காங்க. இவன் வெளிய போனதும் லைட்டை அணைச்ச மாதிரி ஆயிடுது. வசனம் நல்லா இருக்கு. நான் அழுதேன். ஆனா இது மூணு பேர் படம் இல்ல சார். ஒருத்தன் படம். கூட ரெண்டு பேர் நிக்கிறாங்க.”

“அக்காவுக்கு மூணு அழுகைக் காட்சி இருக்கே.”

“அழறாங்க. இவன் பாக்கும்போது அழறாங்க.” அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவன் இல்லாதப்ப அந்த ரெண்டு பேரும் என்ன பேசிக்குவாங்க?”

“அப்பாவைப் பத்திப் பேசுவாங்க.”

“அதான், என்ன பேசுவாங்க?”

வாயைத் திறந்த கதாசிரியருக்கு ஒன்றும் வரவில்லை. எத்தனையோ தயாரிப்பாளர்களிடம் நின்ற நிலையில் கதையை மாற்றிச் சொன்ன வாய் அது.

“இவனைத் திட்டுவாங்க” என்றார் கடைசியில். “வந்து பாக்கலைன்னு.”

“எவ்வளவு நேரம் சார் திட்டுவாங்க? ஒரு வருஷம் பூராவுமா?”

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். வீடு என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. ஒரு காலத்தில் கல்யாணம் என்று ஒன்று நடந்து, சண்டை சச்சரவு இல்லாமலே முடிந்துபோயிருந்தது. அதன் மிச்சமாக நான்கு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை மட்டும் ஹாலில் கிடந்தது. அதில் மூன்று பக்கம் புத்தகங்கள்.

அக்காவையும் தம்பியையும் ஒரு சமையலறையில் நிறுத்தி எழுதிப்பார்த்தார். இரண்டாவது வரியிலேயே தம்பி “அண்ணன் ஏன் வரல?” என்று கேட்டான். அழித்தார். மொட்டை மாடியில் நிறுத்தினார். அங்கே அக்கா “அவனுக்கு வேலை ஜாஸ்தி” என்றாள். அழித்தார். ஆஸ்பத்திரி வராந்தா, மருந்துக்கடை வாசல், பஸ் நிறுத்தம் என்று அவர்களை இழுத்துக்கொண்டு அலைந்தார். எங்கே கொண்டுபோய் விட்டாலும் அவர்கள் இவரைப் பற்றித்தான் பேசினார்கள். இவரைத் தவிர உலகத்தில் பேசுவதற்கே ஒன்றும் இல்லாதவர்கள்போல இருந்தார்கள்.

மறுநாள் அக்காவுக்கு ஃபோன் செய்து, வருகிறேன் என்றார்.

“எதுக்கு? யாருக்காவது ஏதாச்சுமா?” அக்காவின் குரல் பதறியது.

“ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்.”

“சும்மாவா?” என்றாள் அக்கா. அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதே இல்லை என்பதுபோல இருந்தது.

அக்கா ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து, கண்ணில் சொட்டுமருந்து விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து உட்காரவைப்பாள். அவளுடைய கணவர் பிரிந்து போய்ப் பல வருஷம் ஆயிற்று. மூன்றாவது மாடியில் சின்ன வீடு. அப்பா இருந்த அறையில் இப்போது ஒரு ஒற்றைக் கட்டிலும் துணி காயப்போடும் கொடியும் இருந்தன. கொடியில் நீச்சல் கண்ணாடி ஒன்று தொங்கியது. தம்பி மகளுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பையைக் கீழே வைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர் ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு தம்பி உள்ளே வந்தான். தம்பி லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை உண்டு. அதனால் அன்றைக்கு அக்கா வீட்டில்தான் அவன் இருப்பு. சாவியைப் பார்த்த கதாசிரியருக்குச் சுருக்கென்றது. அவரிடம் இந்த வீட்டுச் சாவி இல்லை. இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததும் இல்லை.

“அண்ணா! எப்ப வந்தீங்க?” என்றான் தம்பி. முகத்தில் நிஜமான சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்தான். பயணம் எப்படி, உடம்பு எப்படி, அங்கே மழையா என்று வரிசையாக விசாரித்தான். பிறகு எழுந்து, யாரையும் கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து, “ஏய், நேத்தே பால் வாங்கச் சொன்னேன்ல? எங்க?” என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினான்.

“கண்ணு தெரியலைன்னா ஆஸ்பத்திரிக்கு வா. பின்னாடி இருக்கு பாரு” என்று பதில் வந்தது.

தம்பி அவரை ‘நீங்க’ என்றும் அக்காவை ‘நீ’ என்றும் கூப்பிடுவதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார். அக்காவைவிடச் சின்னவர் அவர். நியாயமாகப் பார்த்தால் மரியாதை அந்தப் பக்கம்தான் அதிகம் போக வேண்டும். சின்ன வயதில் தம்பி அவரையும் ‘நீ’ என்றுதான் சொன்னான். எப்போது மாறியது என்று யோசித்துப்பார்த்தார், பிடிபடவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா, “ராத்திரி நீ சரியாத் தூங்கலை. போய்ப் படு” என்று அவரை அப்பாவின் அறைக்கு அனுப்பினாள். அவரும் போனார். கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஒரு விரல் இடைவெளி விட்டார். இதற்காகத்தானே வந்தது. அவர் இல்லாத காட்சி இதோ அடுத்த அறையில் நடக்கப்போகிறது. கண்ணை மூடிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். முதலில் தம்பி பேச்சை எடுப்பான் என்று கணக்குப் போட்டார். ‘எதுக்கு வந்திருக்காரு?’ என்பான். அக்கா பெருமூச்சு விடுவாள். அப்பாவின் கடைசி நாட்களுக்குப் பேச்சு போகும்.

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது.

“முட்டிக்கு மருந்து தேய்ச்சியா?” தம்பியின் குரல்.

“தேய்ச்சேனே.”

“புளுகாதே. டியூப் மூடிகூடத் திறக்கல.”

“என் அலமாரியை எதுக்குடா நோண்டுறே?”

“தலைவலி மாத்திரை தேடினேன்.”

“தலைவலியா? அந்த ஏழாவது மாடி அம்மா இன்னும் உன்னை விடலையா?”

தம்பி சிரித்தான். “வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுரும். லிஃப்ட் ஆடுதும்பா. லிஃப்ட்ல ஒரு கோளாறும் கெடையாது. நான் போயி ரெண்டு தடவை மேலயும் கீழயும் போயிட்டு, ஆமாம்மா, லேசா ஆடத்தான் செஞ்சுது, சரி பண்ணிட்டேன்னு சொல்வேன். அப்புறம் ஒரு டீ. அதோட மருமகளைப் பத்திக் கொஞ்சம்.”

“உங்க மேனேஜருக்குத் தெரிஞ்சா?”

“அவருக்குத் தெரியும். அந்த வீட்டு நம்பர் வந்தாலே என்னைத்தான் அனுப்புறாரு.”

பிறகு ஏதோ படபடவென்று கேட்டது. சீட்டுக்கட்டைக் கலைக்கிறார்கள் என்று புரிய அவருக்கு நேரமாயிற்று. “இறக்கு”, “இரு”, “ஏமாத்துறே நீ”, “நான் எங்க ஏமாத்துனேன்?” என்று பேச்சு நடந்தது. நடுவில் அக்கா ஒரு வார்த்தையை ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. அதற்குள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். என்ன வார்த்தை, எதற்குச் சிரிப்பு என்று இந்தப் பக்கம் படுத்திருந்தவருக்கு விளங்கவில்லை.

வெயில் சுவரில் இறங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிய பேச்சு வரவே இல்லை. நல்லதாகவும் வரவில்லை, கெட்டதாகவும் வரவில்லை. இத்தனை நாளாக எப்படியெல்லாம் திட்டியிருப்பார்கள் என்று மனசுக்குள் வசனம் எழுதிவைத்திருந்தார். திட்டுவதற்குக்கூட அந்த அறையில் அவர் இருக்கவில்லை. கதவு இடுக்கு வழியாக டீ கொதிக்கும் வாசனை வந்தது. எழுந்து போய், “தூங்கிட்டேன்” என்றார்.

“வா, வா” என்று அக்கா சீட்டுக்கட்டை எடுத்து வைத்தாள். தம்பி காலை மடக்கி நேராக உட்கார்ந்தான். இரண்டு பேர் முகத்திலும் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது. விருந்தாளி வந்தால் சோபா மேல் விரிக்கிற துணி மாதிரி.

சாயங்காலம் அக்கா தன் ஃபோனைக் காணோம் என்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “நீ ஒரு ரிங் அடிச்சுப் பாரேன்” என்று அவரிடம் சொன்னாள். அவர் அடித்தார். சோபா இடுக்கிலிருந்து சத்தம் வந்தது. தம்பி கையை விட்டு எடுத்தான். திரையைப் பார்த்தவன் முகம் மாறியது. சட்டென்று ஃபோனைத் திருப்பிப் பிடித்தான். ஆனால் அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

திரையில் அவருடைய பெயர் இல்லை. ‘விசேஷம்’ என்று இருந்தது.

“அது என்ன?” என்றார்.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டால் முழிப்பது மாதிரி முழித்தார்கள்.

“கோச்சுக்காதடா” என்றாள் அக்கா. “நீ ஃபோன் பண்ணுனா முதல் வார்த்தை என்ன கேப்பே? ‘என்னக்கா விசேஷம்?’ அதானே? வாராவாரம் அதே வார்த்தை, அதே ராகம். அப்பா படுத்திருக்காரு, எங்க இருந்து விசேஷம் வரும்? ஒரு நாள் ஃபோன் அடிக்கும்போது இவன், ‘விசேஷம் வந்துருச்சு, விசேஷம் வந்துருச்சு’ன்னு வளைகாப்புக்கு ஓடுற மாதிரி ஓடியாந்தான். அப்பா சிரிச்சாரு பாரு! பக்கவாதம் வந்து வாய் கோணிப்போனதுக்கு அப்புறம் முதல் தடவையா சத்தமாச் சிரிச்சாரு. அதுல இருந்து ஃபோன் அடிச்சாலே அப்பாவுக்குச் சிரிப்புதான்.”

“நான் பேசும்போது போலாம், போலாம்னு சொல்வாரே.”

“ஆமா.”

“எங்கயோ கூட்டிட்டுப் போகச் சொல்றாருன்னு நெனச்சேன்.”

தம்பி மெதுவாகச் சொன்னான். “அண்ணா, அது டிவிக்கு. நீங்க கூப்பிடுற நேரத்துல டிவில குத்துச்சண்டை போடுவான். அக்கா ஃபோனுக்காக டிவி சத்தத்தைக் குறைச்சிருவா. ‘போலாம்’னா, வெச்சுட்டுப் போ, நான் சண்டை பாக்கணும்னு அர்த்தம். பசிச்சா வேற மாதிரி ‘போலாம்’. என்மேல கோவம் வந்தா ‘ப்போலாம்’னு பல்லைக் கடிச்சிட்டு வரும்.”

கதாசிரியர் சிரித்தார். சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. மற்ற இருவரும் அதைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பில் வந்தது என்றே அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார். அப்பாவைப் பற்றி ஒரு படம், அதில் மூன்று பிள்ளைகள், அக்கா ஒரு பாத்திரம், தம்பி ஒரு பாத்திரம், என்றார்.

“அதுல நான் என்ன பண்றேன்?” அக்கா கேட்டாள்.

“அப்பாவைப் பாத்துக்கிறே. கஷ்டப்படுறே. அழறே.”

“நான் எங்கடா அழுதேன்?”

அக்கா அப்பாவின் அறைக்குப் போய், கொடியில் தொங்கிய நீச்சல் கண்ணாடியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். “அப்பாவைத் தூக்கித் தூக்கி என் முதுகு போச்சு. நீந்துனா சரியாகும்னு டாக்டர் சொன்னாரு. இந்த வயசுலயான்னு நெனச்சேன். காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இவன் வந்து அப்பாகூட இருப்பான், நான் நீச்சல் குளத்துக்குப் போவேன். முதல் நாள் கம்பியைப் புடிச்சவ விடவே இல்ல. பக்கத்துல ஒரு பொடிப்பொண்ணு, ‘ஆன்ட்டி, காலை உதைங்க, காலை உதைங்க’ன்னு என்னைத் திட்டுது. ரெண்டு மாசம் கழிச்சு இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போனேன். யார்கிட்டயும் கேக்காம, யாருக்காகவும் இல்லாம நான் செஞ்ச முதல் காரியம் அது. அந்த வருஷம்தான் நான் நல்லா இருந்த வருஷம். வீட்டுல அப்பா படுத்திருக்கும்போது நான் சந்தோஷமா இருந்தேன்னு எப்படிச் சொல்றது? உன்கிட்ட சொன்னா, ‘பாவம்கா நீ’ன்னு உடனே குரலை மாத்திக்குவே. அதான் சொல்லல.”

தம்பி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கும் அப்படித்தான். அவரு வண்டி ஓட்டின காலத்துல அவர்கூட நான் பேசினதே கம்மி. காலைல அவருக்குச் சவரம் பண்ணிவிட்டப்பதான் அவரு முகத்தையே நல்லாப் பாத்தேன்” என்றான். பிறகு கூச்சப்பட்டு, “இதெல்லாம் சினிமாவுல வராதுல்ல?” என்றான்.

“வரும்” என்றார் கதாசிரியர்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் எழுதணும்” என்றாள் அக்கா.

ஊர் திரும்பிய ரயிலிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். காட்சிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கும் பெண். கோளாறே இல்லாத லிஃப்ட்டைச் சரிசெய்யும் ஆள். சவர நுரைக்கு நடுவில் அப்பாவின் கண். மூன்று விதமான ‘போலாம்’. எழுதிக்கொண்டே போனதில், நடுவில் ஒருவன் இருந்தானே, அவன் எங்கே என்று தேட வேண்டியதாகிவிட்டது. அவன் வாரம் ஒருமுறை ஒலிக்கும் ஃபோனாகச் சுருங்கிப்போயிருந்தான். டிவி சத்தம் குறையும், ‘என்ன விசேஷம்’ என்று ஒரு குரல் கேட்கும், டிவி சத்தம் கூடும். அவ்வளவுதான்.

டைரக்டர் படித்தாள். பலகையில் மஞ்சளும் பச்சையும் பூத்துக் குலுங்கின. நீலத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

“பிரமாதம் சார். இவங்க ரெண்டு பேரும் இப்ப மனுஷங்களா இருக்காங்க. ஆனா மூணாவது நடிகருக்கு நான் என்ன பதில் சொல்றது? ஃபோன்ல நாலு தடவை ஹலோ சொல்லணும்னு சொன்னா செருப்பைக் கழட்டுவாரு.”

“அவனுக்கு இதுல கதை இல்ல, டைரக்டர். நிஜமாவே இல்ல. அவன் அங்க இல்லவே இல்ல.”

“அங்க இல்ல, சரி. அப்ப எங்க இருந்தான்?”

“அவன் ஊர்ல.”

“ஃபோனை வெச்சதுக்கு அப்புறம் என்ன பண்ணுவான்?”

கதாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே யாரோ ஒரு காரைப் பின்னால் எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியும். அக்கா என்ன செய்தாள், தம்பி என்ன செய்தான் என்று கேட்கத்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. இதற்கு அப்படி எங்கேயும் போக வேண்டாம். ஆனால் இத்தனை வருஷத்தில் அதை அவர் ஒரு வரிகூட எழுதியது கிடையாது. கடலையும் சுரங்கத்தையும் எழுதியிருக்கிறார். தனியாக மாட்டிக்கொள்ள மனுஷனுக்கு அவ்வளவு பெரிய இடம் தேவை என்று நினைத்திருந்தார்.

“எழுதித் தர்றேன்” என்றார்.

எழுதினார். ஒருவன் ஃபோனை வைக்கிறான். வைத்த பிறகும் கையை எடுக்காமல் நிற்கிறான். சமையலறைக்குப் போகிறான். எதற்கு வந்தோம் என்று மறந்து குழாயைத் திறந்து மூடுகிறான். ஒரு முட்டையை உடைத்து ஊற்றுகிறான். அடுப்புக்கு முன்னால் நின்றபடியே, சட்டியிலிருந்தே சாப்பிடுகிறான். பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறான். அங்கே கதவு சாத்தும் சத்தம் வந்ததும் மறுபடி மெல்லுகிறான். இப்படி ஒரு காட்சி. இதுபோல இன்னும் பல. கழுத்துக்குப் பின்னால் எட்டாத இடத்தில் களிம்பு தடவ, கரண்டிக் காம்பை வைத்துக்கொண்டு ஒருவன் படும் பாடு. வாடகைக்கு வீடு பார்க்க வந்ததாகச் சொல்லி, யாரோ ஒரு குடும்பத்தின் சமையலறையில் நின்று, அலமாரியின் ஆழத்தைப் பற்றி ஒருவன் நீளமாகப் பேசுவது. அப்பா செத்த செய்தி வந்த அன்றைக்கு, யாரிடம் சொல்வதென்று தெரியாமல், தலைமுடி வெட்டுகிறவரிடம் போய் உட்கார்ந்து, அவரிடமும் சொல்லாமல் எழுந்து வருவது. அதையெல்லாம் எழுதும்போது அவருக்கு அழுகை வரவில்லை. கூச்சமாக இருந்தது. சட்டையில்லாமல் தெருவில் நிற்பதுபோல.

மூன்றாவது நடிகர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, இந்தப் பாத்திரத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று டைரக்டரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். படப்பிடிப்புக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முன்னால் கதாசிரியர் பிரதியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். எழுதிவிட்டுக் கேட்கவாவது செய்யலாம் என்று போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்காவின் வசனத்தை அக்கா படித்தாள். தம்பி தன்னுடையதைப் படித்தான். அக்கா நடுநடுவே திருத்தினாள். “முதல்ல மிதக்கத்தான் சொல்லிக்குடுப்பாங்க. எடுத்த எடுப்புல நீந்தவா விடுவாங்க? மாத்து” என்றாள். ஏழாவது மாடி அம்மா வரும் இடத்தில் தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அது கேஸ் போட்டா நீங்கதான்ணா பதில் சொல்லணும்” என்றான். வீடு கலகலவென்று இருந்தது.

பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பிய அக்கா நிறுத்தினாள்.

“இதுல யாருமே பேசலையே. எப்படிப் படிக்கிறது?”

“குடு” என்று அவர் வாங்கிப் படித்தார். ஃபோனை வைக்கிறான், குழாயைத் திறந்து மூடுகிறான், சட்டியிலிருந்தே சாப்பிடுகிறான். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், கடைச் சாமான் பட்டியலை வாசிப்பதுபோல வாசித்தார். பக்கத்து வீட்டுக் குரல் வந்தது. கதவு சாத்தியது. காட்சி முடிந்தது.

தம்பி உச்சுக்கொட்டினான். “பாவம்ணா அந்த ஆளு. எங்க புடிச்சீங்க இவனை? நம்மள்ல யாரும் இப்படி இல்லையே.”

“கற்பனைதான்” என்றார் கதாசிரியர்.

“தத்ரூபமா இருக்கு.” தம்பி பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து இன்னொருமுறை பார்த்தான். “சட்டியோட சாப்புடுறான் பாருங்க. ஒரு தட்டு எடுத்து வெச்சுக்கிட்டா என்னவாம்?”

“கழுவணுமேன்னு இருக்கும்.”

“ஒரு தட்டுதானே?”

அக்கா படிக்கும் கண்ணாடிக்கு மேலாகத் தம்பியை ஒருமுறை பார்த்தாள். பிறகு கதாசிரியரைப் பார்த்தாள். கண்ணில் சொட்டுமருந்து விட்டுவிட்டு, எரிகிறதா என்று கேட்காமல் கொஞ்ச நேரம் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அவர் குனிந்து பக்கங்களை அடுக்கினார்.

“அடுத்த காட்சி யாருது?” என்றாள் அக்கா.

“உன்னுது.”

அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். தொண்டையைச் செருமிவிட்டு, கொஞ்சம் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தாள்.